என் டிரெட்நாட் கவிழப் பார்க்கிறது, கைகொடுங்கள்

1906இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த டிரெட்நாட் போர்க்கப்பலைக் கப்பல் வடிவமைப்பு மென்பொருளில் மறுபடி கட்டிப் பார்க்கிறேன். பத்து 12 அங்குலப் பீரங்கிகள், 11 அங்குலப் பக்கக் கவசம், 21 நாட் (மணிக்கு 21 கடல் மைல்) வேகம் எல்லாம் கொடுத்தாயிற்று. கப்பலுடலின் வலிமை போதாது என்று வருகிறது, நிலைத்தன்மையும் தள்ளாடுகிறது. அசல் கப்பலோ 1915இல் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை மோதியே மூழ்கடித்தது!

என் சந்தேகம் கவசத்தின் மேல்தான். அசலில் அது இரு முனைகளை நோக்கி மெலிந்துகொண்டே போகும். நான் சோம்பல்பட்டு முழு நீளத்துக்கும் 11 அங்குலமே கொடுத்துவிட்டேன். 527 அடி என்பது மொத்த நீளம். நீர்க்கோட்டு நீளத்தைத்தான் (நீர்மட்டத்தில் கப்பலின் நீளம்) கொடுக்க வேண்டுமா? எடையில் எதைக் கொள்வது, சாதாரணச் சுமையா, நிலக்கரி நிரம்பிய முழுச் சுமையா? அக்காலக் கப்பல்களைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் அளவுகளைக் காட்டினால்கூடப் போதும்.