பழக் கப்பல்: இன்னும் மனதை உறுத்தும் ஒரு லோடு பற்றிச் சொல்லுங்கள்

நங்கூரம்

ஈக்வடாரின் குவாயாகில் துறைமுகத்தில் ஏற்றிய வாழை. இறக்கும்போது எல்லாப் பெட்டியும் பச்சை, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. சர்வேயர் ஒரு காயை எடுத்து மேல்தோலை நகத்தால் நீளவாக்கில் சீவினார். அடியில் பழுப்புக் கோடு கோடாக ஓடியிருந்தது. பக்கத்துப் பெட்டியிலும் அதே கோடு. அந்தக் காயைப் பழுக்க வைக்கும் அறையில் எவ்வளவு பக்குவமாக வைத்தாலும் மஞ்சள் ஏறாது, சாம்பல் பூசினதுபோல மங்கித்தான் வரும்.

நடந்தது இதுதான். ரிட்டர்ன் ஏரை, அதாவது சரக்கைச் சுற்றித் திரும்பும் காற்றை, பார்த்து 13.3 டிகிரிக்குப் பிடித்திருக்கிறார்கள். ஏற்றும்போது காய் 27, 28 டிகிரியில் இருக்கும். ரிட்டர்ன் 13.3-க்கு வரும்வரை கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடும், அதற்குள் டெலிவரி ஏர், அதாவது சரக்குக்கு அனுப்பும் குளிர்காற்று, 10, 11-க்கு விழுந்துவிடும். அந்தக் காற்று முதலில் படுவது கிரேட்டிங்கை, அதாவது காற்று மேலே வரும் ஓட்டைத் தரையை, ஒட்டின அடி வரிசையில். வாழை கெட உறைநிலை வேண்டியதில்லை. 13-க்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு சீக்கிரம் தோலுக்கடியில் பால் ஓடும் குழாய்கள் கறுக்கும். மேல் வரிசை சுத்தம், அடி வரிசை முழுக்கக் கோடு என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். டெலிவரி ஏரை 13.3-ல் நிறுத்துங்கள், ரிட்டர்ன் தானாக இறங்கி வரட்டும்.

ஈரக்காற்று

நங்கூரம் அண்ணன் சொன்னது சரி, ஆனால் பாதிதான். டெலிவரியை ஒழுங்காகப் பிடித்த கப்பலிலும் லோடு போயிருக்கிறது. லாக் புத்தகத்தில் டெலிவரி 13.3, ரிட்டர்ன் 13.8, ஒரு நாள்கூடப் பிசகவில்லை. சரக்கறையின் மேல்மூடியான ஹேட்சைத் திறந்து, நடு பேலட்டில் (பெட்டிகளை அடுக்கும் பலகைத் தட்டு) ஊசித் தெர்மாமீட்டரைக் குத்தினால் 19 டிகிரி! பெட்டி மூடியைத் தூக்கியதும் பழவாசனை, ஒரு சீப்பு பாதி மஞ்சள்.

கப்பல் ஓரத்து வளைவில் பேலட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். கிரேட்டிங் ஓட்டை வழியாக மேலே வரும் காற்று, பெட்டித் துளைக்குள் முட்டி மோதி ஏறாமல் அந்தச் சந்து வழியாக மேலே போய்விட்டது. வரப்பில் நண்டு வளை விழுந்தால் தண்ணீர் பயிருக்கா போகும்? குளிராகவே திரும்பி வந்த காற்றைப் பார்த்து, சரக்கு குளிர்ந்துவிட்டது என்று நம்பிவிட்டார்கள்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், புதிதாகச் சேரும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். ஏற்றும் முன்பே ஹோல்டை, அதாவது கப்பலின் சரக்கறையை, குளிர வைத்திருக்க வேண்டும். கிரேட்டிங்கைத் தூக்கி அடியில் கிடக்கும் அட்டைத் துண்டு, பட்டை நாடா எல்லாவற்றையும் பொறுக்குங்கள். அங்கே ஒரு அட்டை கிடந்தால் அதன் மேலிருக்கும் பேலட்டுக்குக் காற்று கிடையாது. 1 மீட்டருக்கு 1.2 மீட்டர் பேலட்டில் அடுக்குக்கு 6 பெட்டி. 8 அடுக்கென்றால் 48, 9 அடுக்கென்றால் 54. பெட்டிக்கு 18.14 கிலோ. மூலைக்கு மூலை நேராக நிற்க வேண்டும். ஒரு பெட்டி திரும்பி உட்கார்ந்தாலும் துளைகள் மாறி அடைபடும். சந்துகளில் காற்றுப் பையோ தடித்த அட்டையோ வைத்து அடையுங்கள். மேலே டெக்கின் அடிப்பக்கத்துக்கும் பேலட்டுக்கும் நடுவில் மட்டும் இடம் விடுங்கள், காற்று திரும்ப வேண்டுமே. வாழை ஏற்றும் ஹோல்டில் காற்று மணிக்குச் சுமார் 90 முறை சுற்ற வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் விசிறி வைக்கிறார்கள். குளிர வைக்கும் கட்டத்தில் முழு வேகம். காய் நிலைக்கு வந்தபின் பாதி வேகம் போதும், ஏனென்றால் விசிறி மோட்டாரே ஹோல்டுக்குள் சூடு கொடுக்கும்.

கார்க்பெட்டி

பெட்டிக்கும் பேலட்டுக்கும் முன்னால் இந்தத் தொழில் எப்படி நடந்தது என்று யாரும் தொடவில்லையே. ஒரு பழைய வாழைக் கப்பலின் ஹோல்ட் வரைபடம் ஒன்று கண்ணைவிட்டுப் போகவில்லை. ஹோல்ட் முழுக்கக் கழற்றி மாட்டும் பலகைத் தடுப்புகள், ஒவ்வொன்றும் சின்ன அறை அளவு. உள்ளே தாரை அப்படியே நிமிர்த்தி நெருக்கி வைத்து, மேலே ஒரு வரிசை படுக்க வைப்பார்கள். கப்பல் உருளும்போது தார் நகர்ந்தால் காய் கன்றும். கன்றின காய் எத்திலீன் என்ற, பழுக்க வைக்கும் வாயுவை விடும். ஒன்று பழுத்தால் அந்தத் தடுப்பே பழுக்கும். அதனால்தான் அத்தனை பலகை.

அதற்கும் முன்னால் ஐஸ் கிடையாது, இயந்திரம் கிடையாது, டெக்கில் நிற்கும் காற்றுக் குழாய்தான். யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி 1903-ல் 'வீனஸ்' கப்பலில் குளிர்சாதனம் பொருத்தியது. அடுத்த ஆண்டே பெல்ஃபாஸ்ட்டில் வொர்க்மன் கிளார்க் தளத்தில் 'சான் ஹோசே', 'லிமோன்', 'எஸ்பார்ட்டா' என்று வாழைக்கென்றே கட்டினார்கள். வெயில் சூடு உள்ளே இறங்காமலிருக்க வெள்ளை அடித்தார்கள், 'பெரும் வெள்ளைக் கப்பற்படை' என்ற பெயர் அதனால் வந்தது. இறைச்சிக் கப்பல்கள் இதற்கு முன்பே ஓடின. 1882-ல் 'டனெடின்' நியூசிலாந்திலிருந்து லண்டனுக்கு உறைந்த ஆட்டிறைச்சி கொண்டுபோனது. ஆனால் உறைந்த இறைச்சி ஒரு செத்த சரக்கு, குளிரைக் காத்தால் போதும். வாழை மூச்சு விடும், சூடு கக்கும். இறைச்சிக் கப்பலின் திட்டத்தை வாழைக்கு அப்படியே எடுத்திருந்தால் ஒரு லோடும் கரை சேர்ந்திருக்காது.

அப்போது ஏற்றினது குரோ மிஷெல், தோல் தடித்த ரகம், தாராகவே தாங்கும். பனாமா வாடல் நோய் அதைத் தோட்டம் தோட்டமாகக் கொன்றபின் கேவண்டிஷ் வந்தது. நம்மூர் ரோபஸ்டாவும் அந்தக் கூட்டம்தான். அது சீக்கிரம் கன்றும். 1960-களில் அட்டைப் பெட்டி பரவியதற்கு அந்த மெல்லிய தோல் ஒரு முக்கியக் காரணம். பிரிட்டனில் போருக்காக 1940 நவம்பரில் வாழை இறக்குமதியை நிறுத்தினார்கள். 1945 டிசம்பர் 30-ல் 'டிலாப்பா' கப்பல் ஏவன்மவுத்தில் வந்து நின்றபோது, வாழைப்பழத்தையே பார்த்திராத குழந்தைகள் அந்த நாடு முழுக்க இருந்தார்கள்.

தென்கிழக்கு

ஈரக்காற்று, இவ்வளவு எழுதியும் வெளிக்காற்று பற்றி ஒரு வரிகூட இல்லையே! அதுதான் என்னை எழுத வைத்தது.

ஆப்பிள் லோடு. தோல் பளபள, அழுத்தினால் உறுதி. கத்தியால் குறுக்கே வெட்டினால் நடுச்சதை முழுக்கப் பழுப்பு, தோலை ஒட்டி ஒரு வளையம் மட்டும் வெள்ளை. 1920-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரிட்டன் போன ஆப்பிள்களில் இதே பழுப்பு நெஞ்சு நோய் வந்தது. கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் இருவரும் ஆராய்ந்து, பூஞ்சையும் இல்லை குளிரும் இல்லை, ஹோல்டுக்குள் சேர்ந்த கரியமில வாயுதான் காரணம் என்று காட்டினார்கள். பழம் தன் மூச்சிலேயே மூச்சுத் திணறியிருக்கிறது.

இன்றைக்கும் இது நடக்க முக்கிய வழி, வெளிக்காற்றை உள்ளே விடும் மடலை மூடிவிடுவது. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈரச் சூடு உள்ளே வந்தால் கூலரில் பனி பிடிக்கும், கம்ப்ரஸருக்குச் சுமை ஏறும். 'நாளைக்குத் திறக்கலாம்' என்று மூடுவார்கள், ஷிஃப்ட் மாறும், மறந்துவிடும். வாழையென்றால் இன்னும் மோசம், கரியமில வாயுவோடு எத்திலீனும் சேரும். ரிட்டர்ன் காற்றில் வாயு அளவைப் பார்த்து மடலைத் திறப்பதுதான் சரி, வெப்பமானியை மட்டும் பார்த்து அல்ல.

இன்னொன்று. மூடிக் கிடந்த பழ ஹோல்டுக்குள் யாரும் சும்மா இறங்காதீர்கள். காற்றோட்டம் விட்டு, மீட்டரில் ஆக்ஸிஜன் 21 சதவீதத்தை ஒட்டிக் காட்டினால் மட்டும் இறங்குங்கள், மேலே ஒருவர் நிற்கட்டும். ஆக்ஸிஜனை வேண்டுமென்றே சில சதவீதத்துக்குக் குறைத்து ஓட்டும் ஹோல்ட் என்றால் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவீர்கள்.

மைனஸ்புள்ளி

தென்னாப்பிரிக்க ஆரஞ்சு, அமெரிக்காவுக்கு. பூச்சிப் புழுவைக் கொல்ல மைனஸ் 0.6 அளவில் மூன்று வாரத்துக்கும் மேல் வைக்க வேண்டும். ஆரஞ்சு உறையத் தொடங்குவதோ மைனஸ் 1-ஐ ஒட்டி. இந்த இடுக்கில்தான் கப்பலே ஓட வேண்டும். பழத்தில் குத்தி வைத்த வெப்பச் சென்ஸார்களில் ஒரே ஒன்று, மற்றவை அசையாமல் நிற்கும்போது, அது மட்டும் புள்ளி ஒன்று, புள்ளி ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தது. எல்லை தாண்டினால் அத்தனை நாள் கணக்கும் கேள்விக்குறி. அதனால் ஏற்றும் முன் ஒவ்வொரு சென்ஸாரையும் நொறுக்கின ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் முக்கி, சரியாக 0 காட்டுகிறதா என்று எழுதி வைக்க வேண்டும். ஐஸ் நிறைய, தண்ணீர் கொஞ்சம், கிளறிக்கொண்டே பார்க்க வேண்டும். ஐஸ் மிதக்கும் தண்ணீரில் வைத்தால் அடியில் 0 இருக்காது.

துறைமுகவாசி

இப்போது எல்லாமே கண்டெய்னர், இந்தத் தலைவலி எதற்கு?

ஈரக்காற்று

தேனிப் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போகும் வாழையும் கண்டெய்னரில்தான் போகிறது. அங்கேயும் காற்று தரையின் பள்ளங்கள் வழியாக வந்து மேலேதான் ஏறும். கதவுப் பக்கம் கடைசி வரிசைக்கு அப்புறம் தரை திறந்து கிடந்தால், காற்று மொத்தமும் அங்கேயே மேலேறித் திரும்பிவிடும். அந்த இடத்தைத் தடித்த அட்டையால் மூடுங்கள். கண்டெய்னர் உள்சுவரில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு பெட்டிகூட ஏற்றாதீர்கள். வெளிக்காற்று மடல் எந்த எண்ணில் நிற்கிறது என்று கதவைச் சாத்தும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.