ஏஎஃப் உள்ள அம்மாவுக்கு எபிக்சபானை நிறுத்தி ஆஸ்பிரின் கொடுக்கலாமா?

மதுரைக்காரி:
அம்மாவுக்கு 71 வயது, பிபி, சுகர் இரண்டும் உண்டு. முழங்கால் ஆபரேஷனுக்காக இசிஜி எடுத்தபோதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏஎஃப், இதயத் துடிப்பு ஒழுங்கு தப்புவது) இருப்பதே தெரிந்தது, அதுவரை படபடப்பு என்றுகூடச் சொன்னதில்லை. டாக்டர், ரத்தம் உறையாமல் தடுக்கும் எபிக்சபான் 5 மி.கி. காலை, இரவு எழுதிக் கொடுத்தார். இப்போது பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், கை எங்கே இடித்தாலும் கன்றிப்போகிறது. பெரியப்பா வேறு, "நான் ஆஸ்பிரின்தான் போடுறேன், நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார். இன்று போர்வையை உதறினால் இரண்டு நாள் இரவு மாத்திரை கீழே விழுகிறது!

தூத்துக்குடி ராஜா:
பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருப்பார்கள், அது வேறு கதைங்க. ஏஎஃப்-இல் இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும், இடது மேலறையில் காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை இருக்கிறதே, அதில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். 65 தாண்டிய வயது, பிபி, சுகர் என்று பக்கவாத அபாயக் கணக்கில் அம்மாவுக்கு மூன்று மார்க் ஆகிவிட்டது, இரண்டு இருந்தாலே மாத்திரை வேண்டும் என்பார்கள். 2011-இல் வந்த அவெரோஸ் ஆய்வில் ஆஸ்பிரினைவிட எபிக்சபான் பக்கவாதத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது, பெரிய ரத்தக்கசிவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரவு மாத்திரையை விட்டால் காலைக்குள் அதன் வேகம் போய்விடும், அதைச் சொல்லிப் புரிய வையுங்கள்.

வால்வு அக்கா:
எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாயிற்றா? எனக்குச் சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது, அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மாத்திரையான அசிட்ரோம்தான், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஊசி குத்திக் குத்தி அலுத்துப்போய்ப் புது மாத்திரை கேட்டேன், டாக்டர் மாட்டேன் என்றுவிட்டார். 2022-இல் வந்த இன்விக்டஸ் ஆய்வில் என்னைப் போன்றவர்களுக்கு புது மாத்திரையான ரிவராக்சபானைவிடப் பழைய மாத்திரையில்தான் சாவு குறைவாம். கீரை கூடினால் அசிட்ரோமின் வேகம் குறையும், ஆனாலும் முருங்கைக்கீரையை நான் விடவில்லை, வாராவாரம் ஒரே அளவு, அவ்வளவுதான். எபிக்சபானுக்கு அந்தக் கீரைக் கணக்கெல்லாம் கிடையாது.

மருந்துக்கடை பாலா:
ஒன்றை யாரும் கேட்கவில்லையே. முழங்கால் வலிக்கு அம்மா என்ன போடுகிறார்? டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எதுவும் இதோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும். "டோஸ் அதிகம்" என்று நீங்களாகப் பாதியாக்காதீர்கள். 80 வயது, 60 கிலோவுக்குள் எடை, சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.5-க்கு மேல், இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5 மி.கி. ஈறில் கசிவுக்கு மெத்தென்ற பிரஷ் வாங்கிக் கொடுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மதுரைக்காரி:
பாலா அண்ணா, அம்மாவின் மஞ்சள் பையைக் கொட்டிப் பார்த்தேன். டைக்ளோஃபெனாக் அட்டை, பத்தில் ஆறு காலி. "கால் வலிக்குத்தானே, அதுக்கும் நெஞ்சுக்கும் என்னடி" என்கிறார். அட்டையை எடுத்து வைத்துவிட்டேன், எக்கோ ரிப்போர்ட்டோடு நாளை காலை டாக்டரிடம் போகிறோம். இரவு மாத்திரையை என் கண் முன்னால் விழுங்க வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.