ஆர்லாண்டோ போறவங்க யெட்டியைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க

அமெரிக்காவின் ஆர்லாண்டோவிலுள்ள டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காக்களின் தரம் இறங்கிவிட்டதா என்ற சண்டை இங்கே ஓயவே இல்லை. சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்த இலவச ஃபாஸ்ட்பாஸ் போய் 2021இல் அதற்குக் கட்டண வரிசை வந்ததை யாரும் மறுக்கவில்லை. சவாரிகளின் பராமரிப்பில்தான் இழுபறி. அதற்கு ஆதாரம் திரட்ட உதவுங்கள்.

முதலில் அங்குள்ள பூங்காக்களில் ஒன்றான அனிமல் கிங்டம். 2006இல் திறந்த எவரெஸ்ட் ரோலர்கோஸ்டர் சவாரியின் யெட்டி (இமயமலைக் கதைகளில் வரும் பனிமனிதன்) பொம்மை ஏறத்தாழ 25 அடி உயரம். கையை வீசிப் பாய வேண்டியது, சில மாதங்களிலேயே அசைவற்றுப்போனது. பிறகு ஸ்ட்ரோப் விளக்கை வெட்டிவெட்டி எரியவைத்து ஒப்பேற்றினார்கள். ரசிகர்கள் ‘டிஸ்கோ யெட்டி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்!

போகிறவர்கள் கடைசிக் குகையில் கையை மட்டும் கவனியுங்கள். ரயில் ஓடும் வேகத்தில் எல்லாமே நகர்வதுபோல் தோன்றும். அதனால் பின்னாலுள்ள பாறையோடு ஒப்பிடாமல் யெட்டியின் தோளோடு ஒப்பிடுங்கள். தோளுக்கும் நகத்துக்கும் உள்ள இடைவெளி மாறினால்தான் அசைவு. ஒரே சுற்றை வைத்து முடிவு கட்ட வேண்டாம், அன்றைக்கு மட்டும் பழுதாகியிருக்கலாம். முடிந்தால் வேறுவேறு நாளில் இரண்டு முறை ஏறுங்கள்.

தேதி, நேரம், உட்கார்ந்த வரிசை, பலகையில் போட்ட காத்திருப்பு நிமிடம், உண்மையில் நின்ற நிமிடம் ஆகியவற்றைக் கீழே எழுதுங்கள். “முன்னமாதிரி இல்லப்பா” என்பது மட்டும் கணக்கில் வராது.