நன்றாக இருக்கும் காட்டில் உப்பை அளப்பது எதற்கு?

மணல்மேடு: கோடியக்கரையில் பாலை மரக் காட்டிலும் வெளிமான் மேயும் புல்வெளியிலும் ஆண்டுதோறும் மண்ணின் உப்பை அளக்க வேண்டும் என்று இங்கே சிலர் எழுதுகிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 1967 முதல் சரணாலயம். காடு பச்சையாக நிற்கிறது, மான் மேய்கிறது. உவர் நிலத்தில் வளரும் உமரிச் செடி முளைத்தால் உப்பு ஏறிவிட்டது என்று ஆடு மேய்ப்பவரே சொல்லிவிடுவார். அந்தப் பணத்தில் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கலாம்.

வேதைக்காரன்: அண்ணா, சீமைக்கருவேலத்தைப் பிடுங்க வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. ஆனால் உமரி தலைகாட்டும்போது காலம் கடந்திருக்கும். வளர்ந்த மரம் உப்பைத் தாங்கிக்கொண்டு பல வருஷம் பச்சையாகவே நிற்கும். கருகுவது அதன் அடியில் முளைத்த கன்றுதான். நாம் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம், குனிந்து கன்றைத் தேடுவதில்லை. பக்கத்திலேயே வேதாரண்யம் உப்பளங்கள். நாளைக்குப் புல்வெளியில் ஒரு ஓரம் காய்ந்தால் அது உப்பளத்தாலா, கடல்நீராலா, மழை பொய்த்ததாலா? நன்றாக இருந்தபோது எவ்வளவு உப்பு இருந்தது என்ற கணக்கு கையில் இல்லாமல் எப்படிச் சொல்வோம்?

மணல்மேடு: என் பயமே அந்தக் கணக்குதான். உப்பு அளவு 4-ஐத் தாண்டினால் உவர் நிலம் என்பார்கள். அது பயிருக்குப் போட்ட கோடு. அதைக் காட்டிப் புல்வெளி கெட்டுவிட்டது, வடிகால் வெட்டு, ஜிப்சம் போடு என்று கிளம்பினால் என்ன செய்வது?

ஆய்வகத்துக்காரி: நான் மண் பரிசோதனை வேலையில் இருப்பவள். அண்ணன் பயம் நியாயமானது. உப்பு கூடினால் மண்சாற்றில் மின்சாரம் எளிதாகப் பாயும், அதைத்தான் மீட்டருக்கு இத்தனை டெசிசீமன் என்று அளக்கிறோம். அந்த 4 டெசிசீமன், மண்ணை நீரில் குழைத்துப் பிழிந்த சாற்றுக்கான அளவு. நாங்கள் வழக்கமாக 20 கிராம் மண்ணில் 40 மில்லி காய்ச்சி வடித்த நீர் ஊற்றிக் கலக்கி, தெளிந்ததும் மின்முனையை முக்கிப் பார்ப்போம். தண்ணீர் கூடுவதால் எண் குறைவாகவே வரும், மணலில் இன்னும் குறையும். இரண்டையும் ஒப்பிடவே கூடாது. அப்புறம், மே மாத வெயிலில் உப்பு மேலே ஏறி நிற்கும், வடகிழக்குப் பருவமழை அதைக் கீழே இறக்கிவிடும். ஒரே ஒரு தடவை அளந்துவிட்டுக் காட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த இடத்தை அதனோடேயே ஒப்பிட வேண்டும், வயலோடு அல்ல.

மணல்மேடு: சரி, கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, அதே இடத்தில் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புல்வெளியில் குழி தோண்ட விடமாட்டேன்.

வேதைக்காரன்: குழியே வேண்டாம் அண்ணா. வனத்துறை அனுமதியோடு மண் துளைப்பான் ஒன்று போதும். எடுத்த துளையை அங்கேயே மூடிவிடலாம். முதல் துளையைக் கன்று இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடுவோம்.