சுட்ட தோட்டா உறைகளை மறுபடி நிரப்புதல்: எல்லாவற்றுக்கும் ஒரே முறை பொருந்துமா?

கேள்வி:
டெக்சாஸில் வசிக்கிறேன். .22 ரைஃபிள், .38 ஸ்பெஷல் ரிவால்வர், .30-06 ரைஃபிள் ஆகிய மூன்றையும் சுடுதளத்தில் பயன்படுத்துகிறேன். வாரந்தோறும் சேரும் பித்தளை உறைகளை எறிய மனம் வரவில்லை. மறுநிரப்பும் கருவி வாங்குவதற்கு முன், அவை அனைத்தையும் ஒரே விதமாகக் கையாளலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
.22 உறைகளை ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் தீப்பற்றும் கலவை விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. சுடும்போது அந்த விளிம்பும் நசுங்கிவிடுகிறது. மற்ற உறைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவே ஒரு துளை மட்டும் தெரிந்தால் அது பாக்ஸர் வகை. பழைய பிரைமரை, அதாவது வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை, ஊசியால் நேராகத் தள்ளிவிடலாம். இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டான் வகை. ஊசி நடுமேட்டில் மோதி உடையும். இவ்வகைகளுக்குப் பெயர் தந்தவர்களில் பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆயினும் அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் விற்பது ஆங்கிலேயரின் வகைதான்.

பதில் 2:
.38 உறை நேரானது, அழுத்தமும் குறைவு. ஆகவே பலமுறை தாங்கும், பழுதானாலும் வாய்ப்பகுதி வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். .30-06 உறைக்குக் கழுத்து உண்டு. உறையைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சான டைக்குள் மசகு தடவாமல் செலுத்தினால் சிக்கிக்கொள்ளும். சுடச்சுடப் பித்தளை முன்னோக்கி நீள்வதால், 2.494 அங்குலத்தைத் தாண்டியதை வெட்டியாக வேண்டும். அப்படி நீளும்போது அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிகிறது. ஐந்தாம் முறை நிரப்பவிருந்த ஓர் உறையில் அந்த இடத்தில் வெளிறிய கோடு ஒன்றைக் கண்டு, கீறல் என்று எண்ணி நிரப்பிவிட்டேன். சுட்டபின் அடிப்பகுதி மட்டுமே வெளியே வந்தது. மீதி துப்பாக்கியின் அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து, நுனி வளைத்த மெல்லிய கம்பியால் உட்சுவரைத் தடவிப் பார்க்கிறேன். பள்ளம் தட்டுப்பட்டால் அந்த உறையை இடுக்கியால் நசுக்கிவிடுகிறேன்.

பதில் 3:
.38 உறையிலும் ஆபத்து உண்டு. வெடிமருந்து அந்த உறையின் சிறு பகுதியையே நிரப்புவதால், தவறி இருமுறை கொட்டினாலும் வழியாது. குண்டைப் பொருத்துமுன் தட்டிலுள்ள ஒவ்வோர் உறைக்குள்ளும் வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். மருந்தின் அளவை அதன் தயாரிப்பாளர் வெளியிட்ட கையேட்டிலிருந்து மட்டுமே எடுங்கள். இங்கே யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. என் .30-06 உறைகளில் பாதிக்கு எல்.சி. என்ற முத்திரை இருக்கிறது. அவற்றில் பிரைமரைச் சுற்றி ஒரு வளையமும் அழுந்தியுள்ளது.

பதில் 1:
அவை லேக் சிட்டி ராணுவ ஆலையில் செய்தவை. பழைய பிரைமரை நீக்கியபின் அந்த அழுத்த விளிம்பைச் சீவி எடுக்காவிட்டால், புதிய பிரைமர் நேராக உட்காராது.