தோட்டம் மனையாகும் முன் லைன் வீடுகளுக்கு என்ன வழி? மனுவில் சேர்க்க வேண்டியவை

அனைவருக்கும் வணக்கம்.

ஏற்காட்டு மலையில் நம் ஊருக்கு மேலே இருக்கும் காப்பித் தோட்டத்தில் வில்லாக்கள் வரப்போவதைப் பற்றி ஓசூர் மாமா எழுதிய மடலை அன்றைக்கே படித்துவிட்டேன். இங்கே சிங்கப்பூரில் இரண்டு வாரமாக நைட் ஷிப்ட், அதனால்தான் பதில் தாமதம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடமும் ஊரில் இருக்கும் பெரியம்மா மகனிடமும் நிதானமாகப் பேசினேன். அளந்து கல் நட்டாயிற்று, சில்வர் ஓக் மரங்களுக்கு நம்பரும் போட்டாயிற்று என்கிறார் அண்ணன்.

மாமா, அந்த வில்லாக்களைப் பற்றிக் கலெக்டருக்குக் கொடுக்க நீங்கள் எழுதிய மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஓடை, மரம், காட்டெருமை எல்லாவற்றையும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தத் தோட்டத்து லைன் வீடுகளில், அதாவது தொழிலாளர்களுக்கென்று தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளில், இருப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைச் சேர்க்காமல் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் லைன் வீட்டில் பிறந்தவன். அப்பா 31 வருஷம் ஒரே தோட்டத்தில் வேலை பார்த்தார். அம்மா காப்பிப் பழம் பறித்தார். கார்த்திகை மார்கழிப் பனியில், விடிவதற்கு முன்பே இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் எடை போடும்போது நான் பக்கத்தில் நின்று கணக்கை எண்ணிக்கொண்டிருப்பேன். அப்பாவுக்கு முதுகு போய் வேலையை விட்டார். இரண்டே மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வருஷா வருஷம் பொங்கலுக்கு நாங்களே சுண்ணாம்பு அடித்த வீடு அது. அம்மாவின் அவரைப் பந்தலில் அப்போது காய் இருந்தது. அப்படியே விட்டுவிட்டு மலையடிவாரத்துக் கன்னங்குறிச்சியில் வாடகைக்கு இறங்கினோம். அம்மா இன்னமும் அங்கேதான் இருக்கிறார்.

தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் கடமையை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளிமேல் வைத்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வேலை இருக்கும் வரைதான் வீடு. தோட்டமே மனையாகிவிட்டால் அத்தனை குடும்பத்துக்கும் வேலையும் வீடும் சேர்ந்தே போகும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அதற்குச் சொந்தப் பட்டா வேண்டும். மூன்று தலைமுறையாகக் குடியிருந்தாலும் லைன் வீட்டுக்காரர் கையில் பட்டா ஏது? ஆகவே நிலத்தின் வகைப்பாட்டை மாற்றுவதற்கு முன்பே இந்தக் குடும்பங்களுக்கு மலையிலேயே பட்டா இடம் தர வேண்டும் என்று முதல் கோரிக்கையாக எழுதுங்கள். மலைமேல் ஹாகா எனும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி இல்லாமல் வில்லா வேலை நடக்காது. வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை எல்லாம் அறிக்கை தர வேண்டும். அவர்கள் சரிவையும் மண்ணையும் மரத்தையும் பார்ப்பார்கள். அங்கே குடியிருக்கிறவர்களைப் பற்றி நாம்தான் சொல்ல வேண்டும்.

"உள்ளூர்க்காரர்களுக்கு வேலை" என்று வில்லா கம்பெனி நோட்டீசில் போட்டிருப்பதைத் துபாய் தம்பி எடுத்துக் காட்டியிருந்தார். தம்பி, நான் 14 வருஷமாக சைட் சூப்பர்வைசர். பெரிய கான்ட்ராக்டர் எடுத்த வேலையை சென்ட்ரிங், கம்பி, டைல்ஸ் என்று பிரித்து சப்-கான்ட்ராக்டுக்கு விடுவார். ஒவ்வொருவரும் தன் ஆட்களோடுதான் வந்து இறங்குவார். நம் பெண்களுக்குக் கிடைப்பது மண் அள்ளும் வேலையும் சித்தாள் வேலையும். அதுவும் சில மாதம். பிறகு வாட்ச்மேன், தோட்டவேலை, வீட்டு வேலை. ஐ.டி.ஐ. முடித்த பையன்களுக்கு எலெக்ட்ரிக்கல், பிளம்பிங்கில் எத்தனை இடம் என்று எழுத்தில் கேட்போம். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கு வரியாகக் கட்டியாக வேண்டும். ஆனால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவருக்குத்தான் அதிலிருந்து உதவி வரும். காப்பித் தோட்டத்திலிருந்து சித்தாளாகப் போகும் நம் அக்காமார்களை முதல் மாதமே பதிவு செய்ய வைக்க வேண்டும்.

வடக்கிலிருந்து கட்டட வேலைக்கு வரப்போகிற பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நானும் இங்கே அப்படி வந்து டார்மிட்டரியில் கிடந்தவன்தான். அவர்களைத் தகரக் கொட்டகை போட்டுச் சரிவில் தங்கவைத்துவிடக் கூடாது. 2024 டிசம்பர் மழையில் நம் மலைப்பாதை எப்படிச் சரிந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இதையும் மனுவில் ஒரு வரி சேர்க்கலாம்.

நம் குழுவிலேயே சிலர் மனை விலை விசாரித்திருப்பதாக அறிகிறேன். தப்பே இல்லை. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ச் சொந்தக் கூரைக்கடியில் படுக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். லைன் வீட்டுக் குடும்பங்கள் எங்கே போகும் என்றும் கேளுங்கள். இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதம் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். அந்தச் சிறு மனைகள் யார் கைக்குப் போகும் என்றும் கேளுங்கள். என் அம்மா கேட்டால் கம்பெனிக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். பணம் கட்டப்போகும் நீங்கள் கேட்டால் பதில் வரும்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்க அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுக்கலாம். ஜீப் வாடகையும் ஜெராக்ஸ் செலவும் அனுப்பிவிட்டேன். வீடு வீடாகப் போய் ரேஷன் கார்டு நகல் வாங்கும் வேலை நடக்கிறது. லைன் வீட்டில் இருந்ததற்குப் பழைய சம்பளச் சீட்டு, பள்ளிக்கூட டி.சி., தபால் உறை எது இருந்தாலும் போட்டோ எடுத்து இந்த மடலுக்குப் பதிலாக அனுப்புங்கள். அப்பாவின் சம்பளச் சீட்டுகள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. நாளை தங்கை போய் எடுத்து அனுப்புவாள்.