அப்பா முகம் பச்சையாக வருகிறது: போட்டோ மொசைக் செய்ய உதவி வேண்டும்

கேள்வி (போச்சம்பள்ளி)
வணக்கம். அடுத்த மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். குடும்பப் படங்களையே சிறு கட்டங்களாக அடுக்கி அப்பாவின் முகத்தைக் கொண்டுவந்து, 20க்கு 30 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு மண்டப வாசலில் வைக்க ஆசை. ஆண்ட்ரியா மொசைக் என்ற மென்பொருளை இறக்கி 620 படங்கள் கொடுத்தேன். தள்ளி நின்று பார்த்தாலும் நெற்றியிலும் கன்னத்திலும் பச்சைத் திட்டு. ஒரே படம் பக்கத்துப் பக்கத்திலேயே வருகிறது. சின்னப் படங்களின் நிறத்தை மாற்றும் ‘கலர் சேஞ்ச்’ அளவைக் கூட்டினால் முகம் தெளிகிறது, ஆனால் அவை சாயம் ஏறியது போல ஆகின்றன. வேறு மென்பொருளுக்குப் போகலாமா?

பதில் (பாலக்கோடு)
மென்பொருளை மாற்ற வேண்டாம்மா. அந்த 620 படங்களும் எங்கே எடுத்தவை?

கேள்வி கேட்டவர்
முக்கால்வாசி எங்கள் மாந்தோப்பில் எடுத்தவை அண்ணா.

பதில் (பாலக்கோடு)
அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறத்தில் நெருங்கிய படத்தைத்தான் அது தேடி வைக்கும். மாநிறத்துக்குப் படமே இல்லையென்றால் இருப்பதில் கிட்டத்தில் உள்ளதை வைத்துவிடும். தோப்புப் படங்களில் முகத்தை மட்டும் நெருக்கமாக வெட்டித் தனிப் படங்களாகச் சேருங்கள். ஒரே படத்தில் நாலு முகம் இருந்தால் நாலு படம் கிடைக்கும். செம்மண், களத்தில் காயும் கேழ்வரகு, பழுத்த செந்தூரா மாம்பழம், ஒகேனக்கல் பாறை என்று வீட்டில் இருக்கும் படங்களையும் போடுங்கள். வெள்ளை வேட்டியும் இரவுப் படங்களும் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உதவும்.

அப்பாவின் படத்தை கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து, முகம் சட்டம் நிறையும்படி வெட்டி, கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அரை அங்குலக் கட்டம் என்றால் 40க்கு 60, மொத்தம் 2400 கட்டங்கள். 620 படங்கள் இருந்தால் ஒவ்வொன்றும் சராசரியாக நாலு முறை வரத்தான் செய்யும். ‘டூப்ளிகேட் ஸ்பேசிங்’ அளவைக் கூட்டினால் அவை தள்ளித் தள்ளி விழும். கலர் சேஞ்சைக் கடைசியில், கொஞ்சமாகத் தொடுங்கள்.

பதில் (ஓசூர்)
அங்குலத்துக்கு 200 புள்ளி வைத்தால் 4000க்கு 6000 பிக்சல். ஒரு சின்னப் படத்துக்கு 100 பிக்சல் கிடைக்கும், முகம் அடையாளம் தெரியும். கடைக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

கேள்வி கேட்டவர்
இரண்டு நாள் உட்கார்ந்து முகங்களை வெட்டினேன், இப்போது 1,400 படங்கள். பச்சை போய்விட்டது. இடது கண் ஓரத்தில் பாட்டியின் படம் தானாகவே வந்து அமர்ந்திருக்கிறது. அதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா.